அங்கீகரிக்கப்பட்ட விரல்

காற்புள்ளி வாங்கிய புது லேப்டாப்பை மடியில் வைத்தால் அணைந்துவிடும். மேசையில் வைத்தாலும் அணைந்துவிடும், என்ன, கொஞ்சம் தாமதமாக. முதலில் திரை நன்றாகத்தான் எரிந்துகொண்டிருக்கும். அடிப்பக்கம் மெல்லச் சூடேறும். சூடு இஸ்திரிப் பெட்டி அளவுக்கு வந்ததும், பேசிக்கொண்டிருந்த ஆள் பாதி வார்த்தையில் எழுந்து போவதுபோல் திரை கறுத்துவிடும். ஆற வைத்தால் மறுபடி எரியும். எரிந்து, சூடேறி, மறுபடி கறுக்கும். அது வந்த அட்டைப் பெட்டிகூட இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை, அதற்குள் இந்தக் கூத்து.

காற்புள்ளி என்பது அவருக்கு ஆபீஸில் வைத்த பெயர். மருந்துப் பெட்டிக்குள் நாலாய் எட்டாய் மடித்து ஒரு காகிதம் வைத்திருப்பார்களே, மாத்திரையை எடுத்த கையோடு நாம் கசக்கி எறிவோமே, அந்தக் காகிதத்தை அச்சேறும் முன் படித்துப் பிழை திருத்துவதுதான் அவர் வேலை. உலகத்திலேயே அந்தக் காகிதங்களை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். திரையில் படித்தாலும் வரிக்கு வரி ஆள்காட்டி விரலை வைத்து, உதட்டை அசைத்துப் படிப்பார். எல்லாக் காகிதத்திலும் கடைசியில் ஒரே வரிதான் வரும்: குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். அதற்கும் விரல் வைப்பார்.

"தினமும் இதேதானேப்பா வருது, இதைக்கூடவா படிக்கணும்?" என்று கல்லூரியில் படிக்கும் மகள் கிண்டல் செய்வாள்.

"தினமும் வர்ற வரிதாம்மா கண்ணை ஏமாத்தும்" என்பார்.

அவர் கையைத் தாண்டிப் பிழை எதுவும் வெளியே போனதில்லை. இதற்காக யாரும் அவருக்கு மாலை போட்டதும் இல்லை. அச்சகத்துக்காரர்கள் மட்டும் ஒரு நாள் திருத்துநர்களின் அறையைக் காலி செய்து அதில் காகிதக் கட்டுகளை அடுக்கிவிட்டு, "எல்லாரும் இனிமே வீட்டிலிருந்தே பாருங்க, சொந்தமா மிஷின் வாங்கிக்கங்க" என்றார்கள். காற்புள்ளி வாங்கினார். அது இப்படி. பிரிவுத் தலைவி போனில் கூப்பிட்டார்.

"சார், நேத்து வரவேண்டிய பக்கம் இன்னும் வரலை."

"மிஷின் அணைஞ்சு போகுதுங்க மேடம். ஆற வெச்சு ஆற வெச்சுத்தான் பாக்க வேண்டியிருக்கு."

"உங்க வேலைமேல எனக்குக் குறையே கிடையாது சார். ஆனா இந்த மாசம்தான் பாப்பேன். பக்கம் நேரத்துக்கு வந்தா நீங்க இருக்கீங்க. வரலேன்னா நான் வேற ஏற்பாடு பண்ணிக்கணும்."

காற்புள்ளிக்கு வேறு தொழில் தெரியாது. இந்த வயதில் காகிதக் கட்டு தூக்கக்கூட யாரும் கூப்பிடமாட்டார்கள்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாங்கிய கடைக்கே ஓடினார். விற்கும்போது "அண்ணே, அண்ணே" என்று தோளில் கை போட்ட விற்பனையாளர், இப்போது அவரை முதல் முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "வித்ததோட எங்க உறவு முடிஞ்சிடும் சார். மாத்தித் தர்றதெல்லாம் மகிழ்ச்சி நிலையத்துலதான்" என்று கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டார்.

மகிழ்ச்சி நிலையம் என்பது பழுது பார்க்கும் இடம். பழுது என்ற சொல் கம்பெனிக்குப் பிடிக்காததால் இந்தப் பெயர். உள்ளே நுழைந்ததும் காற்புள்ளிக்குப் பல் கிட்டித்தது. அப்படி ஒரு ஏசி. ஊழியர்கள் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். சுவரோரம் வரிசையாகக் கம்பெனியின் லேப்டாப்புகள் காட்சிக்கு எரிந்துகொண்டிருந்தன. நாற்காலிகளில் ஜனங்கள் தத்தம் மிஷினைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். யார் முகத்திலும் மகிழ்ச்சி என்று சொல்லும்படியாக எதுவும் இல்லை.

வாசலுக்கு உள்பக்கம் ஒரு தடுப்பு, அதன்மேல் ஒரு திரை. அதில் ஐந்து நட்சத்திரங்கள். அதைத் தொடாமல் தடுப்பைத் தாண்ட முடியாது.

"எங்க சேவை எப்படி இருந்ததுன்னு சொல்லுங்க" என்றார் அங்கிருந்த பெண்.

"இன்னும் ஒரு சேவையும் நடக்கலையேம்மா."

"அதனாலதான் சார் இப்பவே கேக்குறோம். அப்புறம் கேட்டா ஜனங்க நடுநிலையா பதில் சொல்றதில்லை."

காற்புள்ளி நியாயமாக யோசித்து மூன்று நட்சத்திரங்களைத் தொட்டார். திரை சிவந்தது. அந்தப் பெண் பதறிப்போய், மூன்று நட்சத்திரக்காரர்கள் மன அமைதிப் பிரிவுக்குத்தான் போக வேண்டும், அங்கே வரிசை ரொம்ப நீளம் என்று எச்சரித்தார். காற்புள்ளி ஐந்தையும் தொட்டார். தடுப்பு திறந்தது.

மகிழ்ச்சி மேலாளர் உருண்டையான, சிரித்த முகம் உள்ளவர். கோபப்பட வேண்டிய எந்த இடத்திலும் அவர் கோபப்படுவதில்லை. வந்தவர்களுக்கு அதுதான் பெரிய எரிச்சல். லேப்டாப்பை வாங்கிக் குளிர்ந்த மேசையில் வைத்துத் திறந்தார். அது ஜம்மென்று எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. வீட்டில் இந்நேரம் மூன்று தரம் மண்டையைப் போட்டிருக்கும்.

"ரொம்ப சந்தோஷமா இருக்கே சார்" என்றார் மேலாளர், மிஷினைத் தடவிக்கொண்டே.

"சூடானா அணைஞ்சிடுதுங்க."

"இங்க சூடாகலையே."

"இங்க ஏசி போட்டிருக்கீங்க. எங்க வீட்டுல ஏசி கிடையாது."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் பேச ஆரம்பித்தால் பக்கத்து மேசை ஊழியர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்பது அங்கே வழக்கம்.

"சார், ஒரு விஷயம் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த நிலையம் திறந்ததிலேருந்து ஒரு மிஷினைக்கூட நாங்க மாத்திக் கொடுத்ததில்லை. ஏன்னா மாத்தவேண்டிய அவசியமே வரலை. அவ்வளவு தரம். கோளாறுன்னு வர்றவங்க இல்லாம இல்லை, நிறைய வர்றாங்க, தினமும் வாசல் வரைக்கும் நிக்கிறாங்க. ஆனா ஒரு கோளாறாவது எங்க கண்ணு முன்னாடி வந்திருக்கா? வரலை. கண்ணால பாக்காததை நாங்க எப்படி நம்புறது? நீங்க படிச்சவர். நாளைக்கு யாராவது வந்து என் வீட்டுல பேய் இருக்குன்னு சொன்னா நீங்க வீட்டையே மாத்திக் கொடுத்துடுவீங்களா? கோளாறு இருந்தா அதைக் கூட்டிட்டு வாங்க. மரியாதையா உக்கார வெச்சுப் பேசுவோம்."

கேட்டுக்கொண்டிருந்த ஊழியர்கள் தலையாட்டினார்கள். ஒரு கிழவர் கைகூடத் தட்டினார். அவருடைய மிஷினை அப்போதுதான் நல்லபடியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

காற்புள்ளி வீட்டுக்கு வந்தார். லேப்டாப் அன்று சாயங்காலமே அணைந்தது.

அடுத்த தடவை அவர் கோளாறைக் கையோடு கூட்டிக்கொண்டு போவதென்று முடிவு செய்தார். வீட்டில் நன்றாகச் சூடேற்றி, அது கறுத்ததும் கம்பளியில் சுற்றி, காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்போல் ஓடினார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் "எத்தனை மாசம்?" என்று கேட்டார். பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை. நிலையத்தின் வாசலில் காவலாளி கம்பளியைப் பிடுங்கிக்கொண்டார். உள்ளே போர்வை கூடாதாம், ஜனங்கள் தூங்கிவிடுகிறார்களாம். நட்சத்திரத்தைத் தொட்டு, வரிசையில் உட்கார்ந்து, அழைப்பு வருவதற்குள் மிஷின் ஐஸ்கட்டி ஆகிவிட்டது. மேசையில் வைத்ததும் சிரித்துக்கொண்டே எரிந்தது.

பிறகு ஒரு நாள் வாசலிலேயே வெயிலில் நின்று அதைச் சூடேற்றினார். திரை கறுத்ததும் கண்ணாடிக் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து மேலாளரே எழுந்து வந்தார்.

"பாருங்க சார், அணைஞ்சிருக்கு! நல்லா பாருங்க!" என்று லேப்டாப்பைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார் காற்புள்ளி.

மேலாளர் கதவை விரல் நுழையும் அளவுக்குத் திறந்தார். "கண்ணாடி வழியா பாக்குறதை நாங்க பார்வையா எடுத்துக்கறதில்லை சார்."

"அப்ப ஒரு அடி வெளிய வாங்க சார். ஒரே ஒரு அடி."

"வெளிய வந்தா நான் மேலாளர் இல்லையே. சும்மா ஒரு ஆளு. சும்மா ஒரு ஆளு பாத்து உங்களுக்கு என்ன பிரயோஜனம்?" என்று மிகுந்த வருத்தத்தோடு சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொள்பவர் காற்புள்ளியின் மனைவி. வலியோடு வருகிறவர்களைத் தினமும் உட்கார வைத்துப் பழக்கப்பட்டவர். கணவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"எங்ககிட்டயும் சில பேரு வருவாங்க. வீட்டுல வலி உயிர் போகும். நாற்காலியில உக்காந்ததும் வலி நின்னுடும். அதுக்காக டாக்டர் பல்லைப் பாக்காம அனுப்புவாரா? வீட்டுக்கு வந்து பாக்கச் சொல்லுங்க."

இந்த யோசனை காற்புள்ளிக்குத் தோன்றாதது அவருக்கே வெட்கமாக இருந்தது. கேட்டார். ஆச்சரியம், கம்பெனியில் அதற்கு வழி இருந்தது. வீட்டு ஆய்வு என்று பெயர். ஆளை அனுப்புகிறோம் என்றார்கள். அன்று காற்புள்ளி கொஞ்சம் விசில்கூட அடித்தார்.

வந்தவருக்குக் காற்புள்ளியின் வயதுதான் இருக்கும். வேர்த்துக் கொட்டும் வெயிலில் கழுத்துவரை ஸ்வெட்டர் போட்டிருந்தார். பின்னாலேயே இரண்டு பேர் சக்கரம் வைத்த ஒரு பெரிய ஏசியைத் தள்ளிக்கொண்டு வந்து, காற்புள்ளியின் மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஜன்னலை அடைத்துவிட்டுப் போனார்கள்.

"இது எதுக்குங்க?" என்றார் காற்புள்ளி. குரலில் ஏற்கெனவே பயம் இருந்தது.

"சோதனை எங்க நடந்தாலும் நிலையத்துல இருக்கற மாதிரியே இருக்கணும்னு விதி சார். இல்லேன்னா வீட்டுக்கு வீடு முடிவு மாறிடும் பாருங்க" என்றார் ஸ்வெட்டர்க்காரர். ஏசியின் வாயை லேப்டாப்பின் பக்கம் திருப்பினார். அறை சில்லென்று ஆனது. அவர் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். காலையிலிருந்து மதியம்வரை தட்டினார். மிஷின் ஒரு முறைகூடக் கண் சிமிட்டவில்லை.

"இப்ப நீங்க உக்காருங்க சார்" என்று எழுந்தார். எழுந்த கையோடு ஏசியை அணைத்தார்.

"அதை ஏன் நிறுத்துறீங்க?"

"இது கம்பெனி சொத்து. வாடிக்கையாளர் அனுபவிக்கக் கூடாது. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க."

ஜன்னல் அடைத்திருந்தது. அறை அடுப்படி ஆயிற்று. காற்புள்ளி ஒரு வயிற்று வலி மருந்தின் காகிதத்தைத் திறந்து முதல் வரியில் விரலை வைத்தார். பக்க விளைவுகளுக்கு வந்துகொண்டிருந்தபோது திரை கறுத்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" காற்புள்ளி துள்ளி எழுந்தார். மனைவியும் மகளும் சமையலறையிலிருந்து ஓடி வந்தார்கள். கோளாறு கடைசியில் ஒரு அதிகாரி முன்னால் வந்து நின்றுவிட்டது. அவருக்கு ஸ்வெட்டர்க்காரரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஸ்வெட்டர்க்காரர் அமைதியாக ஏசியைப் போட்டார். காற்புள்ளியை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மிஷின் ஆறியது. எரிந்தது.

"நானும் அதே நாற்காலி, அதே மேசை, அதே மிஷின்" என்றார் யோசனையோடு. "நான் தொட்டா ஓடுது. நீங்க தொட்டா நிக்குது. மாறினது என்னன்னு நீங்களே சொல்லுங்க."

"ஏசிங்க! ஏசி மாறிச்சு!"

"ஏசி மிஷினோட பாகம் இல்லையே சார். அது காத்து. நாங்க காத்தைக் கணக்குல எடுக்கறதில்லை."

மகள் "அப்பா சொல்றது சரிதானே அங்கிள்" என்றாள். அங்கிள் அவளைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் மேலாளரிடம் பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.

நிலையத்திலிருந்து முடிவு மறுநாளே வந்தது. மேலாளர் போனில் படித்துக் காட்டினார். மிஷின் முழு ஆரோக்கியத்தோடு இருக்கிறது. பயன்படுத்துகிறவர்தான் அதற்குப் பொருந்தவில்லை. ஆனாலும் வாடிக்கையாளரை நட்டாற்றில் விடுவது கம்பெனியின் பண்பு அல்ல. ஆகவே பொருத்தமான பயனாளர் ஒருவரைக் கம்பெனியே தருகிறது. அவர் தினமும் வீட்டுக்கு வந்து அந்த மிஷினில் வாடிக்கையாளரின் வேலையைச் செய்து கொடுப்பார். வாடிக்கையாளர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மிஷினைத் தொடக் கூடாது. தொட்டால் உத்தரவாதம் போய்விடும்.

அன்றிலிருந்து ஸ்வெட்டர்க்காரர் ஆபீஸுக்கு வருவதுபோல் வந்துகொண்டிருந்தார். ஏசியும் அங்கேயே இருந்துவிட்டது. காற்புள்ளி பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். தான் வரியைச் சொல்ல, அவர் தட்டினால் சரி என்று முதலில் நினைத்தார். "பேசாதீங்க சார், மூச்சுக்காத்து சூடா வருது" என்று ஸ்வெட்டர்க்காரர் ஸ்டூலைக் கதவுக்கு வெளியே தள்ளி வைத்தார்.

பக்கங்கள் நேரத்துக்குப் போக ஆரம்பித்தன. நேரத்துக்கு முன்னாலேயே போயின. ஸ்வெட்டர்க்காரர் எதையும் படிப்பதில்லை. காகிதத்தைத் திறப்பார், மேலிருந்து கீழே ஓட்டுவார், அனுப்பிவிடுவார். பிரிவுத் தலைவி போன் செய்தார். "சார், என்ன வேகம் சார்! நீங்க இவ்வளவு நாளா இதையெல்லாம் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" காற்புள்ளி உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். மனைவி வேண்டாமென்று கையைக் காட்டினார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டில் இன்னொன்றும் நடந்தது. அந்த வீட்டிலேயே குளிர்ந்த அறை அது ஒன்றுதான். வெயில் கொளுத்துகிறது. மகள் தன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு அங்கே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். மனைவி மருத்துவமனையிலிருந்து வந்ததும் தானும் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். "கதவைச் சாத்திட்டு வா தங்கச்சி, குளிரு போயிடும்" என்றார் ஸ்வெட்டர்க்காரர். தங்கச்சி என்று ஒருவர் அழைத்துவிட்டால் மூன்றாம் நாள் காபி தானாக வரும். அந்த முறைப்படியே அவர் காற்புள்ளியை மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தார்.

"நீயுமா?" என்றார் காற்புள்ளி மனைவியிடம், சமையலறையில், குரலைத் தாழ்த்தி.

"என்னங்க பண்ணச் சொல்றீங்க? வேலை போகாம இருக்கே. மாசம் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மனைவி. பிறகு, "உள்ள வந்து உக்காருங்களேன், வேர்த்து ஊத்துது" என்றார். காற்புள்ளி போகவில்லை. அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது. அழுதாலும் சூடு என்பார்கள்.

மாதக் கடைசியில் பிரிவுத் தலைவி மறுபடி கூப்பிட்டார். சந்தோஷமான செய்தி என்றார். வேலை நிரந்தரம். ஆனால் ஒரு சின்ன நடைமுறை இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் நாளைக்குக் கேமரா முன்னால் உட்கார்ந்து ஒரு பக்கத்தைத் திருத்திக் காட்ட வேண்டும். யார் திருத்திக் காட்டுகிறாரோ அவர் பெயரில் உத்தரவு வரும்.

காற்புள்ளி அப்போதே நிலையத்துக்கு ஓடினார். ஐந்து நட்சத்திரங்களையும் படபடவென்று தொட்டுவிட்டு மேலாளர் முன்னால் போய் நின்றார்.

"சார், எனக்கு வேற மிஷின் வேணும். நாளைக்கு ஒரு நாளாவது நான் என் கையால வேலை செஞ்சு காட்டணும். இல்லேன்னா என் வேலை என்னுது இல்லை. தயவு பண்ணி மாத்திக் கொடுங்க."

"மாத்தியாச்சே சார்!" என்றார் மேலாளர்.

"எதை?"

"உங்களை."

காற்புள்ளி இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் சார் முகம் வாடிப்போச்சு? யோசிச்சுப் பாருங்க. மிஷினை மாத்துறதுன்னா எவ்வளவு கஷ்டம். ஒவ்வொரு பாகமும் எங்கெங்கிருந்தோ வரணும். ஆளுங்க அப்படியா? எல்லா இடத்துலயும் கிடைக்கிறாங்க. உங்களுக்காகப் பண்ணினதுதான் இதோட முதல் சோதனை. அவ்வளவு அருமையா வந்திருக்கு. மேலிடத்துல பாராட்டி எழுதியிருக்காங்க. இனிமே யாரு கோளாறுன்னு வந்தாலும் மிஷினைத் தொடவே போறதில்லை. நீங்க எங்க பெருமை சார்!"

அந்த நேரத்தில்தான் கட்டடத்தின் எங்கோ ஒரு மூலையில் பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஏசி நின்றுவிட்டது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் ஸ்வெட்டரின் கழுத்தைத் தளர்த்தினார். ஜனங்கள் நெளிந்தார்கள். கண்ணாடிச் சுவர் வழியாக வெயில் கூடத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. காற்புள்ளி சுவரோரம் வரிசையாக எரிந்த காட்சி லேப்டாப்புகளைப் பார்த்தார். என்ன நடக்கப்போகிறது என்று அந்தக் கூடத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இவ்வளவு நாளில் அவர் மகிழ்ச்சியாக இருந்தது அந்தச் சில நிமிடங்கள்தான்.

கடைசியில் இருந்தது முதலில் கறுத்தது. பிறகு அதற்குப் பக்கத்தில் இருந்தது. பிறகு மேசைகளின் மேல் இருந்தவை, ஜனங்களின் மடியில் இருந்தவை, வாசலில் நட்சத்திரம் காட்டிய திரை என எல்லாமே பொத்துப் பொத்தென்று அணைந்தன. கூடத்தில் ஒரு கம்பெனித் திரைகூட எரியவில்லை.

"வந்துடுச்சு!" காற்புள்ளி கத்தினார். "கோளாறு வந்துடுச்சு சார்! உங்க கண்ணு முன்னாடி! நான் சொன்னேன்ல? சூடுதான் சார், சூடுதான்!"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். மேலாளரும் பார்த்தார். அந்த முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு இல்லை.

"சார்" என்றார் மெதுவாக. "நீங்க வர்றதுக்கு முன்னாடி எல்லாம் நல்லா இருந்தது."

"ஏசி நின்னுடுச்சு சார்..."

"இந்த மேசையைப் பிடிச்சீங்க. அதுக்கு முன்னாடி வாசல் திரையைத் தொட்டீங்க." அவர் ஊழியர்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? பயனாளர் சரியில்லேன்னா ஒரு மிஷின் இல்லை, மொத்த நிலையமும் போயிடும்னு நான் சொல்லலை?"

அவர் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் ஊழியர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். நாற்காலியில் இருந்த ஒரு அம்மாள் தன் லேப்டாப்பை முந்தானையால் மூடிக்கொண்டார். முன்பு கை தட்டிய கிழவர், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், எனக்கு முடியாத உடம்பு" என்றார். அவருக்கும் இதே மிஷின், இதே சூடு, இதே அலைச்சல். காற்புள்ளி ஒரு எட்டு தள்ளி நின்றார்.

காவலாளி அவரைத் தொடாமல், ஒரு நாற்காலியால் மெல்லத் தள்ளிக்கொண்டே போய் வாசலுக்கு வெளியே விட்டார். கதவு சாத்திக்கொண்டது. காற்புள்ளி வெயிலில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தார். யாரோ போய் எதையோ தட்டியிருக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் ஏசி ஓட ஆரம்பித்தது. ஸ்வெட்டர்கள் மறுபடி கழுத்துவரை ஏறின. ஒவ்வொரு லேப்டாப்பாக, வரிசையாக, எரிந்தது. உள்ளே எல்லாரும் கை தட்டினார்கள். மேலாளர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற காற்புள்ளியை விரலால் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். அதற்கும் கை தட்டினார்கள்.

காற்புள்ளி தன் கைகளைப் பார்த்தார். சாதாரணக் கைகள். வலது ஆள்காட்டி விரலின் நுனி, வருஷக்கணக்காக வரிகளின் கீழே ஓடியதில் கொஞ்சம் மழுங்கியிருந்தது. சூடுதான் காரணம் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் வெயிலில் நின்றதால் கைகளும் சூடாகத்தான் இருந்தன. இரண்டையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பஸ்ஸில் கம்பியைக்கூடப் பிடிக்காமல் நின்று வந்தார். அழைப்பு மணியைத் தொட மனம் வராமல், வீட்டு வாசலில் நின்று மகளைக் கூப்பிட்டார்.

மறுநாள் கேமரா முன்னால் ஸ்வெட்டர்க்காரர்தான் உட்கார்ந்தார். மனைவி அவர் முகத்துக்கு வெளிச்சம் விழும்படி விளக்கைத் திருப்பி வைத்தார். திருப்பிவிட்டுக் கணவரை ஏறெடுத்துப் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சம்பளம் இந்த வீட்டுக்குத்தான் வரும், பாதியைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்று பேசி முடித்திருந்தார்கள். காற்புள்ளி தன் ஸ்டூலில், கதவுக்கு வெளியே இருந்தார். கதவு கொஞ்சம் திறந்திருந்தது.

குழந்தைகளுக்கான இருமல் மருந்தின் காகிதம் திரையில் மேலிருந்து கீழே ஓடியது. கடைசி வரி வந்து நின்றது. காற்புள்ளி பழக்கத்தில் உதட்டை அசைத்துப் படித்தார்.

குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்கவும்.

மறுபடி படித்தார். அப்படித்தான் இருந்தது.

"அந்தக் கடைசி வரி" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. எழுந்து நின்று, "அந்தக் கடைசி வரி தப்புங்க! குழந்தைங்க எடுத்துக் குடிச்சிடும்ங்க!" என்று கத்தினார்.

ஸ்வெட்டர்க்காரர் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, வாயோரமாகச் சொன்னார்: "என் வேலை மிஷினை அணையாம பாத்துக்கறது மாப்பிள்ளை. உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்கறது இல்லை. கதவைச் சாத்துங்க, குளிரு போகுது."

மூன்று எட்டு வைத்தால் மேசை. ஒரு விரலை நீட்டி, ஒரே ஒரு சொல்லை மாற்ற வேண்டும். மகள் சுவரோரமிருந்து எழுந்து, "அப்பா, வாங்கப்பா, வந்து மாத்துங்கப்பா" என்றாள். காற்புள்ளி உள்ளே போனார். மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அந்தச் சில்லிப்பிலும் அவருக்கு வேர்த்தது. கையைப் பையிலிருந்து பாதி எடுத்தார்.

தான் தொட்டதும் அணைந்துவிட்டால்?

அவர் அப்படி நின்றுகொண்டிருக்கும்போதே ஸ்வெட்டர்க்காரர் அனுப்பிவிட்டார். திரையில் பிரிவுத் தலைவியின் முகம் வந்தது. "அருமை சார், ஒரு பிழைகூட இல்லை" என்றார். அடுத்து ஐந்து நட்சத்திரங்கள் வந்தன.